வாரும் வரபடவும்

இலங்கையில் மாத்தளைப் பக்கத்துப் பல்லேகமவுக்கு இப்போது போகிறவர்கள் பழைய ஊரைப் பார்க்க முடியாது. 2018-இல் களுகங்கை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஏறியபோது பழைய கடைத்தெரு அடியில் போய்விட்டது. அலுவலகங்களும் கடைகளும் மேட்டில் கட்டிய புதிய லக்கல நகரத்துக்கு மாறின. ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலை, மறு பக்கம் நீர். அந்தப் புது நகரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு தகரக்கூரைத் தாழ்வாரத்தில், கிழமைக்கு இரண்டு நாள் உட்கார்ந்து மேளம் பழுது பார்க்கிறேன். வேலை சொல்லித் தருகிறவர் எழுபது தாண்டிய சிங்களப் பெரியவர். ஊரார் அவரைக் குருன்னான்சே என்கிறார்கள். கண்டிய மேளக்காரர்களில் மூத்தவரை மரியாதையாக அழைக்கும் சொல் அது. நானும் அப்படியே அழைக்கிறேன். அவர் என்னை முதல் நாளே "மல்லி" என்றார். மல்லி என்றால் தம்பி.

இந்த வேலையை நான் முதலில் கற்றது சென்னையில். அங்கே எனக்கு வேலை சொல்லித் தந்தவர் என்னைத் "தம்பி" என்று கூப்பிட மூன்று மாதம் ஆனது. அதுவரை நான் "சார்". அந்த மூன்று மாதத்துக்கும் இந்த முதல் நாளுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

இருபது வருடம் மிருதங்கம் வாசித்தேன். மாத்தளை, கண்டிப் பக்கத்து அரங்கேற்றங்கள், கோயில் கச்சேரிகள், சில வானொலி நிகழ்ச்சிகள். பெரிய பெயர் இல்லை, ஆனால் வேறு தொழிலும் இல்லை. பிறகு வலது கை மோதிர விரல் சுருள ஆரம்பித்தது. நோவில்லை, வீக்கமில்லை. சோறு பிசையவும் எழுதவும் பொத்தான் போடவும் அந்த விரல் சொன்னபடி கேட்கும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் கையை வைத்ததும் உள்ளங்கைக்குள் மடங்கிவிடும். ஃபோக்கல் டிஸ்டோனியா என்று நரம்பு வைத்தியர் பெயர் சொன்னார். ஒரே ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் மூளை அந்த விரலுக்குத் தவறான கட்டளை அனுப்புகிறது. தொழிலாக இசைப்பவர்களில் நூற்றில் ஒருவருக்கு இது வரும் என்கிறது மருத்துவக் கணக்கு. ஜெர்மனியின் ராபர்ட் ஷூமான் பியானோ மேடையை விட்டு இசையமைப்புக்குத் திரும்பியதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம் என்று நரம்பியலாளர் பலர் கருதுகிறார்கள்.

மிருதங்கக்காரனுக்கு மோதிர விரல் போனால் "நம்" போய்விடும். தோலின் நடுவில் உள்ள கரணையின் ஓரத்தில் மோதிர விரல் பட்டும் படாமலும் இருக்க, ஆட்காட்டி விரல் விளிம்பில் அடிக்கும்போது பிறக்கும் சொல் அது. அந்தத் தொடுகை இல்லாவிட்டால் வெறும் தோல் சத்தம்தான் வரும். சர் சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்தும், பிறகு 1934-இல் தனியாகவும் எழுதிய ஆய்வுகளில் இதற்கான காரணம் இருக்கிறது. சாதாரணத் தோல் வட்டம் எழுப்பும் அதிர்வுகள் ஒன்றோடொன்று சுருதி சேராதவை. நடுவில் கரணை என்ற கறுப்புப் பாரம் ஏறியதும், முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்து சுரங்களாக ஒழுங்காகக் கூடிவிடுகின்றன. விரல் எங்கே தொடுகிறதோ அதைப் பொறுத்து ஒன்று அடங்கி இன்னொன்று எழும். கரணையை வைத்தது யார் என்று அந்த ஆய்வு பேசவில்லை. பௌதிகத்துக்கு அந்தக் கேள்வி தேவையில்லை, எனக்குத் தேவைப்பட்டது.

மேடை போனதும் ஒன்றரை வருடம் வீட்டில் மிருதங்கத்தைத் துணி போர்த்தி மூலையில் வைத்திருந்தேன். ஒரு நாள் துணியை எடுத்துப் பார்த்தபோது மூட்டு என்ற தோல் வட்டம் கிழிந்திருந்தது. மாத்தளையில் அதை மாற்ற ஆள் இல்லை. யாழ்ப்பாணம் அனுப்ப வேண்டும், அல்லது இந்தியாவிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வாசித்த இருபது வருடமும் அப்படித்தான் செய்திருந்தேன். அந்த வாத்தியத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத்தான் சென்னை போனேன், மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒரு கடைக்கு.

பத்துக்குப் பத்து அறை. ஒரு மூலையில் பண்ருட்டிப் பலாக்கட்டைகள், இன்னொரு மூலையில் நனைத்த வார்ச் சுருள். தரையில் மூன்று பேர். நான் நுழைந்ததும் ஒருவர் எழுந்து உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். "உக்காருங்க சார்." வேலை பழக வந்திருக்கிறேன் என்றதும் மூவரும் சிரித்தார்கள். வாசிக்கிறவர்கள் வருவார்கள், நாற்காலியில் உட்கார்ந்து "நம்" சரியில்லை, "தீம்" அடைக்கிறது என்று சொல்வார்கள், காப்பி குடிப்பார்கள், போவார்கள். தரையில் உட்கார்ந்து தோலில் கை வைத்தவர் அவர்கள் நினைவில் யாருமில்லை.

மூட்டு என்பது ஒரே தோல் இல்லை. வலந்தலையில் அடுக்கடுக்காக வருகிறது, அதில் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் உண்டு. இடந்தலையான தொப்பியின் வெளிச்சுற்றும் இழுத்துக் கட்டும் வாரும் எருமைத்தோல். மூன்று மிருகத்தின் தோல் சேர்ந்தால்தான் ஒரு மிருதங்கம். அடுக்குகளுக்கு நடுவே ஈர்க்குத் துண்டுகளைச் செருகினால் குச்சி மிருதங்கம், கல் நொறுங்கலைப் போட்டால் கப்பி மிருதங்கம். கிட்டக்கல்லை இடித்துச் சலித்த பொடியைக் குழைந்த சோற்றோடு பிசைந்து, தோலின் நடுவில் ஒரு மெல்லிய பூச்சு வைத்து, காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்க்கிறார்கள். காய்ந்ததும் அடுத்த பூச்சு. இதற்குச் சாதம் போடுவது என்று பெயர். ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிக் காது கொடுக்கிறார்கள். கடைசியில் கல்லும் மரப்புள்ளும் எடுத்து, விளிம்பின் பதினாறு கண்ணிலும் தட்டி ஒரே சுருதிக்குக் கொண்டுவருகிறார்கள். பதினொன்றாவது கண்ணில் ஒரு நூல் இறக்கம் இருப்பதை எனக்கு வேலை சொல்லித் தந்த அண்ணன் என்னைவிட முந்திக் கேட்டுவிடுவார். இருபது வருடம் அதைக் காதில் கட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

அவருக்கு வாசிக்கவும் தெரியும். ஆதி தாளத்தில் ஒரு மோராவை அவர் தட்டிப் பார்த்ததை ஒரு நாள் கேட்டேன். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். ஏன் நிறுத்தினீர்கள் என்றேன். "அது உங்க வேலை சார்" என்றார். வருத்தமோ கோபமோ அவர் குரலில் இல்லை, அதுதான் என்னைச் சுட்டது.

டி.எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' வாசிக்கிறவருக்கும் செய்கிறவருக்கும் நடுவே நிற்கும் இந்தச் சுவரைப் பற்றிய நூல். மிருதங்கம் செய்கிறவர்களில் பெரும்பகுதி தலித் கிறிஸ்தவர்கள். தஞ்சாவூரில் வேரோடிய செபாஸ்டியன் குடும்பத்தின் பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு வாத்தியம் செய்தவர். இன்று நாம் கேட்கும் மிருதங்கத்தின் நாதம் அந்த இருவரும் பல காலம் சேர்ந்து பார்த்த பரிசோதனைகளில் உருவானது. ஆனால் கச்சேரி வரலாறு மணி ஐயரை மட்டும் எழுதி வைத்தது. பசுத்தோலைப் பற்றிப் பேசும் அந்த நூலை வெளியிடக் கலாக்ஷேத்திரா முதலில் அரங்கம் தந்து பிறகு மறுத்தது. ஆசிய இதழியல் கல்லூரியில் விழா நடந்தது. நூலைப் படித்தபோது எனக்கு அந்த நாற்காலிதான் நினைவுக்கு வந்தது.

எல்லா வாத்தியத்துக்கும் இந்தியாவில் இதே கதை என்று சொல்லவில்லை. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரியிடம் டி.என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாகஸ்வரம் கேட்டு வாங்கியதை இன்றைக்கும் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஆச்சாமரத்தில் கடையும் அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரத்து மிரஜில் ஆயுதங்களுக்குச் சாணை பிடித்த சிக்கல்கர் குடும்பங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாளுக்குத் தேவை குறைந்ததும் சித்தார் பழுது பார்க்க ஆரம்பித்து, சித்தார் செய்கிறவர்களாகவே ஆனார்கள். ஒரு வேலை முடிந்த கை வாத்தியத்துக்குள் புகுந்து பிழைத்ததற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் மரமும் கம்பியும் தீட்டு இல்லை. தோல் தீட்டு. சுவர் எழுவது அங்கேதான்.

ஊர் திரும்பி, தெரிந்தவர் ஒருவர் மூலம் பல்லேகமவுக்கு வந்தபோது குருன்னான்சே கெட்ட பெர என்ற கண்டிய மேளம் ஒன்றை மடியில் வைத்து அதன் வாரை இழுத்துக்கொண்டிருந்தார். நான் சிங்களத்தில் வணக்கம் சொல்லி நின்றேன். தலை நிமிராமல் மறு முனையை என் பக்கம் நீட்டினார். "மல்லி, இதைப் பிடி." பிடித்தேன். அவ்வளவுதான் அறிமுகம். யார், எங்கே வாசித்தாய், ஏன் விட்டாய் என்பதெல்லாம் தேத்தண்ணி நேரத்தில் கதைத்தோம்.

அவரும் வாசிப்பை விட்டவர்தான். கெட்ட பெரயை இடுப்பில் கட்டி நின்று வாசிக்க வேண்டும், ஆட்டக்காரரோடு சேர்ந்து காலும் நகர வேண்டும். இரவு முழுக்க அப்படி நின்ற முழங்கால்கள் ஒரு வயதுக்கு மேல் தாங்கவில்லை. "அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. உட்கார்ந்தேன் என்றார். சின்ன வயதில் தகப்பன் அவருக்கு முதலில் பழக்கியது தோல் நனைக்க, இரண்டாவது வார் வெட்ட, மூன்றாவதுதான் வாசிக்க. கால் போனதும் மூன்றாவதிலிருந்து முதலாவதுக்குத் திரும்பியிருக்கிறார். ஒரே வீட்டுக்குள் அறை மாறியது போல. எனக்கோ கடல் தாண்ட வேண்டியிருந்தது, தாண்டிய பிறகும் மூன்று மாதம் வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

இதைக் கேட்டு இலங்கையில் சாதி இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசிப்பும் செய்வதும் ஒரே கையில் இருந்ததற்குக் காரணமே சாதிதான். பெரவா என்ற சாதியின் தலையில் மேளத்தின் எல்லா வேலையையும் சுமத்தி, விகாரைக்கும் தெய்வக் கோயிலான தேவாலயத்துக்கும் செய்யும் சேவைக்கு ஈடாக நிலம் கொடுத்து, அந்தச் சேவையோடு கட்டிப்போட்டார்கள். ஆங்கிலேயர் 1832-இல் ராஜகாரியம் என்ற கட்டாயச் சேவையை நீக்கியபோதும் கோயில் நிலச் சேவை தொடர்ந்தது. சேவைக்குப் பதில் பணம் கட்டலாம் என்று 1870-இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. குருன்னான்சேயின் பேரன் கொழும்பில் கணினி வேலை செய்கிறான். மேளம் பழகவில்லை. பெயரை வைத்துச் சாதி கண்டுபிடிப்பார்கள் என்று பெயரையும் மாற்றிக்கொண்டான். பெரியவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். இந்தியாவில் கைவேலையையும் மேடையையும் பிரித்து அநியாயம் செய்தார்கள். இங்கே இரண்டையும் சேர்த்துக் கட்டி அநியாயம் செய்தார்கள். ஆனால் வாசிக்க முடியாமல் போன ஒருவனுக்கு எந்தக் கூரையின் கீழ் இடம் கிடைக்கும் என்று கேட்டால், என் அனுபவத்தில் இந்தத் தகரக்கூரைதான்.

வேலையில் எவ்வளவு ஒன்று, எவ்வளவு வேறு என்று ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். நாம் வார் என்பதை அவர்கள் வரபட என்கிறார்கள். சொல்லைக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன். அவர்களுடைய தவுலவை நம் தவில் பக்கத்திலும், தம்மெட்டமவைத் தம்பட்டத்தின் பக்கத்திலும், உடெக்கியை உடுக்கையின் பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். பெயர்கள் எந்தக் காலத்திலோ கடலைக் கடந்து சொந்தமாகிவிட்டன. வாத்தியங்கள் அப்படியே இல்லை. தவுலவைத் தவில் என்று நினைத்துக் கை வைத்தால் ஏமாந்துபோவோம்.

கெட்ட பெரயில் கரணை கிடையாது. வலப்பக்கம் மெல்லிய தோல், முன்பு குரங்குத் தோல், இப்போது எங்கள் கைக்கு வருவது வெள்ளாட்டுத் தோல். இடப்பக்கம் மாட்டுத்தோல். சுருதி முழுக்கத் தோலின் கனத்திலும் வரபடவின் இழுப்பிலும்தான் இருக்கிறது. அதனால் தோலைத் தெரிவு செய்வதில் பெரியவர் காட்டும் பொறுமையை நான் சென்னையில்கூடப் பார்த்ததில்லை. காய்ந்த தோலை வெயிலுக்கு எதிராகப் பிடித்து, முதுகுத்தண்டு ஓடிய கோட்டைத் தேடி, அந்தக் கோடு வட்டத்தின் நடுவில் விழும்படி வெட்டுகிறார். ஒரு பக்கம் தடிப்பாக விழுந்தால் பெர கோணல் பேச்சுப் பேசும் என்பார். மிருதங்கத்தில் அந்தப் பிழையைக் கரணையில் கொஞ்சம் ஈடுகட்டலாம். இங்கே வழியில்லை, தோலை எறிந்துவிட்டு வேறு எடுக்க வேண்டியதுதான்.

உடெக்கி வந்தால் இன்னொரு வேலை சேரும். அதன் இடை ஒடுங்கிய மரத்தில் அரக்கு வண்ணம் இருக்கும். மாத்தளை மாவட்டத்தில் பல்லேஹாபுவிட என்ற ஊர் அரக்கு வேலைக்குப் பேர் போனது. சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பதித்துக் கோலம் போடுகிறார்கள். உரிந்த அரக்கை நாங்கள் தொடுவதில்லை. அது அவர்களுடைய நகத்தின் வேலை.

தோல் கிடைப்பது இரண்டு நாட்டிலும் அரசியலாகிவிட்டது. இந்தியாவில் 2017 மே மாதம் சந்தையில் மாடுகளை இறைச்சிக்கு விற்பதைத் தடுக்கும் மத்திய அரசு விதி வந்தது. ஒரு வாரத்துக்குள் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை நிறுத்தி வைத்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டியது. இலங்கையில் 2020 செப்டம்பரில் மாடு அறுப்பதைத் தடை செய்ய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. பெரஹெர ஊர்வலத்தில் யானைக்கு முன்னால் போகும் மேளத்திலும், சபாக்களில் தியாகராஜ கிருதிக்கு வாசிக்கும் மேளத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது என்பதை இந்தத் தடைகளைக் கேட்டவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் என்பது இந்திய வனவிலங்குச் சட்டம் வந்த 1972-க்குப் பிறகு சட்டப்படி முடிந்த கதை. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். உடும்பு காட்டில் இருக்கட்டும், கஞ்சிரா வேறு தோல் பழகிக்கொள்ளும். செயற்கைத் தோல் மிருதங்கமும் வந்துவிட்டது. பயணத்துக்கும் மழைக்கும் நல்லது. சென்னை அண்ணனிடம் ஒன்றைக் கொடுத்துக் கேட்டபோது, பதினாறு கண்ணையும் தட்டிப் பார்த்துவிட்டு, "சுருதி நிக்குது, சொல்லு நிக்கல" என்றார்.

காலமும் வேறு. சென்னையில் மார்கழிக்கு முன் இரண்டு மாதம் அறைக்குள் நடக்க இடமிருக்காது. இங்கே எசல பெரஹெரவுக்கு முன், ஆனி ஆடியில், விகாரைகளிலிருந்து தவுலவும் தம்மெட்டமவும் வரிசையாக வரும். தம்மெட்டம அடிக்கும் வளைகுச்சிகள் கிரிந்திக் கொடியில் செய்வது. கொடியை வெட்டிவரக் காட்டோரம் நானே போவேன். ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவ மழை பிடித்தால் தோல் காயாது. அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டுப் புகையில் காய வைக்கிறோம். 2022-இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் ஏறியபோது இந்தியாவிலிருந்து மூட்டு வாங்கிவருவது மாணவர் வீடுகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்த வருடம்தான் மாத்தளையிலிருந்தும் கண்டியிலிருந்தும் மிருதங்கங்கள் என்னைத் தேடி பல்லேகமவுக்கு வர ஆரம்பித்தன. குருன்னான்சே ஒரு மூலையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். சாதம் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். சோற்றைப் போய்த் தோலுக்குக் கொடுக்கிறீர்களே என்று முதலில் அதிசயப்பட்டவர், கரணை காய்ந்து "தீம்" எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தட்டச் சொன்னார்.

போன மாசி மாதம் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பையன் தப்பு ஒன்றைக் கொண்டுவந்தான். காமன் கூத்துக்கு வேண்டும், தோல் கிழிந்துவிட்டது. வழக்கமாக அவன் தாத்தாவே ஒட்டுவாராம், அவர் இறந்துவிட்டார். மலையகத்திலும் சரி தமிழ்நாட்டிலும் சரி, தப்பு அடிக்கிறவர்தான் தப்பைச் செய்கிறவர். மிருதங்கத்தில் விழுந்த பிளவு இதில் விழவில்லை. ஏனென்றால் இதைச் சாதியில் உயர்ந்தவர் யாரும் கேட்டு வாங்கவில்லை.

நான் தோட்டத்துப் பிள்ளை. விடியற்காலை பெரட்டு என்ற வேலைக் கணக்கெடுப்புக்கு ஆளைக் கூப்பிடும் தப்புச் சத்தத்தில்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகள் எழும்பும். அடித்த குடும்பம் கடைசி லயத்தில் இருந்தது. தாளம் என்றால் என்ன என்று என் காது முதலில் படித்தது அந்தத் தப்பில்தான். ஆனால் அதைக் கையால் தொடக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. மிருதங்கம் பழக அனுப்பினார்கள். ஒருதரம் கடைசி லயத்துப் பையனோடு சேர்ந்து தட்டியதற்கு அம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்திக் குளிக்க வைத்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார். சென்னையில் நாற்காலியைப் பார்த்துச் சங்கடப்பட்டவன், அந்தக் கிணற்றடியை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வேப்பமரச் சட்டம் நல்லபடி இருந்தது. மூன்று துண்டாக வளைத்துத் தகடு வைத்து இணைத்த பழைய வேலை. புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, நான் பசை காய்ச்சினேன். குருன்னான்சே கன்றுத் தோலை நனைத்துச் சட்டத்தில் இழுத்தார். ஒட்டி நிழலில் காயப் போட்டோம். நாலாம் நாள் பையன் வந்தபோது முற்றத்தில் ஓலை கொளுத்தி, தப்பைச் சூட்டில் காட்டித் திருப்பினார் பெரியவர். தோல் இறுகும் சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. புறங்கையால் சூடு பார்த்தார். பிறகு தப்பையும் இரண்டு குச்சியையும் பையனிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

தோளில் மாட்டி இடது கையில் சுண்டுக்குச்சியையும் வலது கையில் அடிகுச்சியையும் பிடித்தேன். மோதிர விரல் மற்ற விரல்களோடு குச்சியைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. பெரட்டுத் தப்பின் அடி ஒன்று நினைவில் இருந்தது, நாற்பது வருடத்துக்கு முந்தியது. மெதுவாக எடுத்தேன். இரண்டாவது சுற்றில் வேகம் கூடியது. விரலைப் பார்த்தேன், சுருளவில்லை. பையன் காலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றான்.

"மல்லி, நிறுத்தாதே" என்றார் குருன்னான்சே, எரியும் ஓலையைக் காலால் ஒதுக்கிக்கொண்டே.